வகாந்தே டீச்சர் ஓய்வு பெற்ற வரலாறு

தஜு கரே ஊர்ப் பள்ளிக்கு நூறு வயதாகப் போகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் தலைமையாசிரியர் இன்ஸ்ஃப்ரான். பள்ளிச் சுவரில் 1924 என்று காரையில் பொறித்திருப்பதும், நடப்பது 2024 என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தகவல்கள்தாம். கழித்துப் பார்த்தவர் அவர் ஒருவரே. கழித்த கையோடு விழாக்குழு அமைத்தார், அதற்குத் தன்னையே தலைவராக்கினார், பித்தளை வாத்தியக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார், முற்றத்துச் சிலைக்கு வெள்ளையடிக்க உத்தரவிட்டார். மிச்சமிருந்தது பள்ளியின் வரலாறு. அதை எழுதும் பொறுப்பை ஒன்றாம் வகுப்பு ஆசிரியை லிப்ராதா துரேயிடம் கொடுத்தார்.

"உங்க கையெழுத்து நல்லா இருக்கும்மா," என்றார்.

கையெழுத்து நன்றாக இருந்தது உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. மற்ற மூன்று ஆசிரியர்களுக்கும் ருப்ரோ இருந்தது. அரசாங்கப் பட்டியலில், சம்பளத்தோடு கூடிய ஓர் இடத்துக்குத்தான் ருப்ரோ என்று பெயர். லிப்ராதாவுக்கு அது இல்லை. அடுத்த பிப்ரவரியில் வந்துவிடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி ஒன்பது பிப்ரவரிகளாக அவள் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வந்தாள். பெற்றோர்கள் மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள், கோழி கொடுத்தார்கள். ஒரு வருடம் பன்றிக்குட்டி ஒன்றும் வந்தது. அதை வெட்ட மனமில்லாமல் வளர்த்து, இப்போது அதற்கும் சேர்த்து மரவள்ளி தேட வேண்டியிருந்தது. சம்பளம் வாங்காதவரிடம் எந்த வேலையையும் தூக்கிக் கொடுக்கலாம். முறைத்துக்கொண்டு போய்விட்டால் ஒன்பது வருடமும் அல்லவா போய்விடும் என்று அவரே பயந்துகொண்டிருப்பார்.

இந்த வருடம் நிலைமை கொஞ்சம் அவசரம். மாவட்டத்துக்கு ஒரே ஒரு ருப்ரோ வந்திருப்பதாகவும், ஆகஸ்ட் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் கல்வி மேற்பார்வையாளர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. கேட்கும் பணியிடத்தில் இதுவரை யார் யார் இருந்தார்கள் என்ற விவரத்தை இணைக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். லிப்ராதாவுக்கு அக்டோபரில் நாற்பது.

ஆகவே பழைய பதிவேடுகளைப் புரட்டுவதில் அவளுக்கும் ஒரு காரியம் இருந்தது.

பதிவேடுகள் தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருந்தன. 1961 முதல் 64 வரை கரையான் படித்து முடித்திருந்தது. மற்றவை நன்றாகவே இருந்தன. முதல் ஆசிரியர் எலெவுதேரியோ பெனேகாஸ் என்பவர். பள்ளியைத் தொடங்கியவரும் அவரே. எட்டு வருடம் ஒழுங்காக ஒப்பமிட்டிருக்கிறார். 1932இல் சாக்கோ போருக்குப் போனார். திரும்பி வந்ததாகப் பதிவேட்டில் இல்லை. அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவருடைய இடத்தில் இப்படி இருந்தது:

ஒன்றாம் வகுப்பு: வகாந்தே, தெ. 1932.

லிப்ராதாவுக்குப் பெருமையாக இருந்தது. பள்ளியின் பெயரே செஞோரித்தா தெமெத்ரியா வகாந்தே தொடக்கப் பள்ளி. முற்றத்தில் நிற்பது அவருடைய மார்பளவுச் சிலை. அதைச் செய்தவர் கோயில்களுக்குப் புனிதர்களைச் செய்து தருபவர். கையில் இருந்த ஒரு கன்னிப் புனிதையின் அச்சை எடுத்து, தலையிலிருந்த ஒளிவட்டத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு, கம்பியில் மூக்குக்கண்ணாடி வளைத்து மாட்டிவிட்டார். மழையில் கம்பி துருப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கோடு இறங்கியிருந்தது. கணக்கில் தோற்கிற பிள்ளைகளுக்காக டீச்சர் அழுகிறார் என்பது ஊர் நம்பிக்கை. பரீட்சைக்கு முன் அந்தக் கன்னத்தைத் தொட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் உள்ளே போவார்கள். வீட்டில் பேசுகிற குவாரனியில் 'வகா' என்றால் பசு என்பதால், தேர்வில் தோற்றவர்கள் மட்டும் அவரைப் 'பசு டீச்சர்' என்பார்கள்.

லிப்ராதா பட்டியலில் அடுத்த வரிக்குப் போனாள்.

வாயிற்காவலர்: வகாந்தே, தெ. 1929.

அட, என்று நினைத்தாள். டீச்சர் அதற்கு முன்பே காவல் வேலையும் பார்த்திருக்கிறார். மூன்றாவது வரி:

தோட்டப் பாடம்: வகாந்தே, தெ. 1930.

ஒரு பெண் எவ்வளவுதான் செய்வாள் என்று அவள் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் உறைத்தது. அலுவலக ஸ்பானிய மொழியில் வகாந்தே என்றால் காலியிடம். 'தெ.' என்பது 'தெஸ்தே', அதாவது 'முதல்'. காலியிடம், 1932 முதல்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு சொல் பெயராகிவிட்டால் அதன் அர்த்தத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து ஊர் மருந்துக்கடைக்காரர் குடும்பப்பெயர் கோர்தேரோ, ஆட்டுக்குட்டி. இருமல் மருந்துக்குப் போன யாரும் அவரிடம் புல்லை நீட்டியதில்லை.

மீதியை லிப்ராதா இரண்டு நாளில் பதிவேடுகளிலிருந்து கோத்து எடுத்தாள். 1957இல் தலைநகரிலிருந்து ஒரு பதக்கம் தபாலில் வந்திருக்கிறது. ஒரே பணியிடத்தில் இருபத்தைந்து ஆண்டு, ஒரு நாள் விடுப்பு இல்லை, இடமாற்றம் கேட்டதில்லை, ஆள்மேல் ஒரு புகார் இல்லை என்று பட்டியலைப் பார்த்து யாரோ ஓர் எழுத்தர் அனுப்பியது. 'தெ. வகாந்தே அவர்களுக்கு' என்று பொறித்திருந்தது. பதக்கம் வந்தால் வாங்கி வைத்துக்கொள்கிற ஊர் அது. 1974இல், எண் மட்டும் உள்ள பள்ளிகள் எல்லாம் சிறந்த ஆசிரியர் ஒருவரின் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊரில் பதக்கம் வாங்கியவர் ஒருவர்தான். 'தெ.' என்பது தெமெத்ரியாவா தெல்ஃபீனாவா என்பதில் மட்டும் தகராறு. இரண்டு கட்சியாகப் பிரிந்து மூன்று கூட்டம் நடத்தி, கடைசியில் வாக்கெடுப்பில் தெமெத்ரியா நான்கு ஓட்டில் ஜெயித்தார். தெல்ஃபீனா கட்சியில் இருந்த இரண்டு குடும்பங்கள் இன்றைக்கும் சிலைக்குப் பூ வைப்பதில்லை.

லிப்ராதா தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் அழைப்பிதழ் மாதிரியைக் கண்ணாடி இல்லாமல் கையை நீட்டிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், அப்படி ஒரு டீச்சரே இல்ல."

"யாரு?"

"வகாந்தே டீச்சர். அது பேரு இல்ல சார். வேகன்ட்டுன்னு எழுதியிருக்காங்க."

இன்ஸ்ஃப்ரான் அழைப்பிதழை மேசைமேல் வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் ஒரு நாற்காலியையும் முட்டுக்கொடுத்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. சிலைக்கு இப்பதான் ரெண்டாவது கோட்டிங் அடிச்சிருக்கு. காயட்டும்."

"சார், வரலாறு எழுதச் சொன்னீங்களே."

"வரலாறுதானேம்மா எழுதச் சொன்னேன்? யாரு இல்லன்னு எழுதச் சொல்லலையே. இருந்தவங்களைப் பத்தி எழுதுங்க."

வியாழக்கிழமை லிப்ராதா பேருந்தில் நகரத்துக்குப் போய் விண்ணப்பத்தை மேற்பார்வையாளர் ரொலோன் அம்மாளிடம் கொடுத்தாள். ரொலோன் முப்பது வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர். யாரையும் ஏமாற்றியதில்லை, யாருக்கும் அவசரப்பட்டதுமில்லை. இடது கையில் குளிர்ந்த மாத்தே என்ற இலைச்சாறு நிரப்பிய மாட்டுக்கொம்பை வைத்துக்கொண்டு வலது கை ஒற்றை விரலால் கணினியைத் தட்டினார். நெடுநேரம் திரையைப் பார்த்தார்.

"இந்த இடத்துல ஆள் இருக்காங்களேம்மா."

"யாரு மேடம்?"

"வகாந்தே, தெமெத்ரியா. 1932 முதல்."

"மேடம், அது வந்து..."

"சம்பளம் எடுக்கல. பேங்க்ல கணக்கே திறக்கலபோல. ஆனா பணியில இருக்காங்க." ரொலோன் கொம்பிலிருந்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். "நல்ல சர்வீஸ்."

"அது ஆள் இல்ல மேடம். காலின்னு அர்த்தம். கம்ப்யூட்டர்ல ஏத்துனப்போ பேரு கட்டத்தைக் காலியா விடக் கூடாதுன்னு பள்ளிக்கூடப் பலகையைப் பார்த்து யாரோ தெமெத்ரியான்னு போட்டிருப்பாங்க."

"அப்படின்னு எழுதித் தரீங்களா? தந்தா தலைநகருக்கு அனுப்புறேன். அவங்க விசாரணை வைப்பாங்க. இல்லாத ஆளை எப்படி நியமிச்சீங்கன்னு கேப்பாங்க. பள்ளிக்கூடப் பேரை எடுப்பாங்க. சிலையையும் கேப்பாங்கன்னு நினைக்கிறேன், அதுக்கு ஒரு படிவம் இருக்கு. மூணு வருஷம் ஆகும்." அவர் விண்ணப்பத்தில் பிறந்த தேதியைப் பார்த்தார். "உங்களுக்கு மூணு வருஷம் இல்ல."

லிப்ராதா தானும் அந்தத் தேதியை எட்டிப் பார்த்தாள்.

"இங்க பாரும்மா. எனக்குப் புரியாம இல்ல. ஆனா எனக்குப் புரிஞ்சு என்ன செய்ய? இதுக்குப் புரியணும்." திரையை விரலால் சுண்டினார். "ஒருத்தர் இடத்தைவிட்டுப் போறதுக்கு மூணு வழிதான் இதுல இருக்கு. ராஜினாமா, ஓய்வு, மரணம். முதல் ரெண்டுக்கும் அவங்க கையெழுத்து. மூணாவதுக்கு அடக்கத்தைப் பார்த்த ரெண்டு சாட்சி. அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

சனிக்கிழமை பள்ளி மாமரத்தடியில் பெற்றோர் சங்கம் கூடியது. தலைவி ஞா போலா, அதாவது போலா அம்மாள். அவருடைய கடைசிப் பிள்ளை பள்ளியைவிட்டுப் போய்ப் பதினேழு வருடம் ஆகிறது. தலைவர் பதவியைவிட்டு இறங்கு என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வராததால் தொடர்கிறார். தினமும் காலையில் தலையில் கூடையோடு சீபா ரொட்டி விற்கிறவர், ஆகவே குரல் பெரிது. இன்ஸ்ஃப்ரான் தடுத்துப் பார்த்தும் முடியாமல் லிப்ராதா எல்லாவற்றையும் சொன்னாள். ஒரே கொம்பில் மாத்தே கைமாறிக்கொண்டிருந்தது. அவள் சொல்லி முடித்தபோது அது ஒரு முழுச் சுற்று வந்திருந்தது.

கூட்டம் கொஞ்ச நேரம் சிலையைப் பார்த்தது. சிலை புதிய வெள்ளையில் பளிச்சென்று இருந்தது. கண்ணாடிக்கும் சேர்த்து வெள்ளையடித்திருந்தார்கள்.

"இல்லன்னா எப்படி இல்ல?" என்றார் கராய் தெயோ. கராய் என்றால் பெரியவர். எண்பத்தெட்டு வயது. ஊரிலேயே வகாந்தே டீச்சரிடம் நேரில் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் பெருமை அவருக்கு. வருடா வருடம் சிலைக்கு முதல் மாலை போடுபவரும் அவரே. "நாப்பத்தி நாலுல என்னை அடிச்சாங்க. இந்தக் காதுல. இன்னைக்கும் மழை வர்றதுக்கு முந்தின நாள் கேக்குது."

"நல்ல உயரம்," என்றார் ஒருவர். "எங்கப்பா சொல்வாரு."

"குட்டைய்யா. ஸ்டூல் போட்டுத்தான் கரும்பலகையில எழுதுவாங்களாம்."

"சுருட்டு பிடிப்பாங்க."

"சுருட்டா? ஜெபமாலையும் கையுமா இருந்தவங்க. எங்க சித்திக்கு ஞானஸ்நானத் தாயே அவங்கதான்."

"யோவ், இருங்கய்யா," என்றார் ஞா போலா. "இப்ப அவங்க எப்படி இருந்தாங்கங்கிறது பேச்சு இல்ல. போகணும். எப்படிப் போறாங்க? அதைச் சொல்லுங்க."

"வயசு நூத்திப் பத்துக்கு மேல ஆகியிருக்கும்," என்றார் இன்ஸ்ஃப்ரான். வேறு வழியில்லாமல் அவரும் விவாதத்தில் இறங்கிவிட்டிருந்தார். "மரணம்னு போட்டா இயற்கையா இருக்கும்."

"விழாவுக்கு மூணு வாரம்கூட இல்லாதப்பவா? துக்கம் வெச்சுக்கிட்டு வாத்தியம் எப்படி வாசிப்பான்? நான் எண்ணூறு சீபாவுக்கு மாவு சொல்லி வெச்சிருக்கேன். என் தலைமையில யாரும் சாகக் கூடாது."

"சாக மாட்டாங்க," என்றார் கராய் தெயோ. "அடி அப்படி."

லிப்ராதா மடியிலிருந்த பதிவேட்டைப் பிரித்தாள். 1944ஆம் வருடத்தை அவள் ஏற்கெனவே படித்திருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்றுதான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தாள்.

"கராய் தெயோ, அன்னைக்கு என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"இங்க எழுதியிருக்கு. 'தெயோஃபிலோ, மைக்கூட்டில் தவளை. காதில் ஒன்று.' கீழ கையெழுத்து இருக்கு. 'வகாந்தேவுக்காக, சத்துர்னீனா கோதோய்.'"

கொம்பு ஞா போலாவின் கையில் நின்றுவிட்டது.

"என்ன பேரு சொன்ன?"

"சத்துர்னீனா கோதோய். நாப்பத்தி மூணுலேர்ந்து நாப்பத்தி ஆறு வரைக்கும் தினமும் இருக்கு."

"எங்கம்மா சீபா வித்தாங்க," என்றார் ஞா போலா.

"ஏழு மணியிலேர்ந்து பத்து மணி வரைக்கும் இங்க வகுப்பு. பத்து மணிக்கு மேல விக்கப் போயிருப்பாங்க."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

கராய் தெயோ தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஞா போலாவின் கையைப் பார்த்தார். அம்மாவின் கை மாதிரியே அகலமான கை.

"அதானே பார்த்தேன்," என்றார். "உன் சீபாவைக் கடிக்கிறப்பல்லாம் எனக்குக் காது வலிக்குது."

சிரிப்பு அடங்கியதும் லிப்ராதா மற்றவற்றையும் படித்தாள். பெனேகாஸ் போருக்குப் போன மறுவாரமே ஒரு பெண் வந்து வகுப்பை எடுத்திருக்கிறாள். ருப்ரோ வரும் என்று காத்திருந்து, பதினோரு வருடம் கழித்துக் கல்யாணமாகிப் போயிருக்கிறாள். அடுத்து இன்னொருத்தி. தொண்ணூற்றிரண்டு வருடத்தில் பதின்மூன்று பேர். பணியிடம் அவர்களுடையது இல்லை என்பதால் தினமும் 'வகாந்தேவுக்காக' என்று எழுதி அதன் கீழே ஒப்பமிட்டிருந்தார்கள். உயரமானவள் ஒருத்தி இருந்திருப்பாள். ஸ்டூல் போட்டவளும், சுருட்டுப் பிடித்தவளும் இருந்திருப்பார்கள். பதினான்காவது ஆள் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞா போலா கொம்பைக் கீழே வைத்தார்.

"ஏம்மா லிப்ராதா. தினம் நீயும் இப்படித்தான் கையெழுத்துப் போடுறியா?"

"ஆமா, ஞா போலா. டீச்சருக்கு மரியாதைக்குப் போடுறதுன்னு நினைச்சேன்."

"ஒன்பது வருஷமா?"

"ஆமா."

"அப்போ ஆபீஸ்காரங்களுக்கு வகாந்தே டீச்சர் கையெழுத்துன்னு தெரிஞ்சது உன் கையெழுத்துதானே? லெட்டர்லயும் அதையே போடு."

இன்ஸ்ஃப்ரான் வாயைத் திறந்தார். தன் மேசையில் ஒன்பது வருடமாக அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் தானும் கையெழுத்துப் போட்டு வந்தது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

கடிதத்தை அங்கேயே எழுதினார்கள். ஓய்வுக்கு என்ன காரணம் போடுவது என்பதில் அரை மணி நேரம் போனது. உடல்நிலை என்றால் மருத்துவச் சான்று கேட்பார்கள். செஞோரித்தா, அதாவது கல்யாணமாகாதவர், என்று இருப்பதால் கல்யாணம் என்று போடலாம் என்றார் ஞா போலா. மாப்பிள்ளை யார் என்று கேட்டால் கராய் தெயோவைக் காட்டுவதாகவும் சொன்னார். அவர் மறுக்கவில்லை. கடைசியில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று முடிவானது. தன்னிடம் இத்தனை காலம் நம்பிக்கை வைத்த அரசுக்கு நன்றி என்று ஒரு வரியை இன்ஸ்ஃப்ரான் சேர்த்தார். கீழே லிப்ராதா எழுதினாள்: 'வகாந்தேவுக்காக, லிப்ராதா துரே.'

வெள்ளிக்கிழமை பேருந்து சேற்றில் சிக்கியது. கடிதத்தைப் பைக்குள்ளும் ஒன்பது வருடப் பதிவேடுகளை ஒரு மாவுச் சாக்கிலும் எடுத்துக்கொண்டு வந்திருந்த லிப்ராதா, மற்றவர்கள் வண்டியைத் தள்ளியபோது இறங்கித் தள்ளினாள். ரொலோன் அம்மாள் முன் அவள் போய் நின்றபோது மணி மூன்றே முக்கால். காலில் முழங்கால் வரை செம்மண்.

ரொலோன் கடிதத்தைப் படித்தார். சாக்கிலிருந்து இரண்டு பதிவேடுகளை எடுத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிரித்து, கையெழுத்தை ஒப்பிட்டார். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார்.

"ஒத்துப்போகுது," என்றார். "வயசான காலத்துல கை நடுங்கவே இல்ல."

ஒற்றை விரலால் தட்டினார். ஓய்வு, ஏற்கப்பட்டது. திரை கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது. பிறகு வரி மீண்டும் தோன்றியது. ரொலோன் அதைப் பார்த்தார். திரையை லிப்ராதா பக்கமாகத் திருப்பினார்.

ஒன்றாம் வகுப்பு: வகாந்தே.

"போகலையேம்மா இவங்க."

சுவர்க் கடிகாரத்தில் நான்கு அடிக்க ஆறு நிமிடம். இப்போது அது நிஜமாகவே காலியிடம்தான் என்று ரொலோனுக்குத் தெரியும், லிப்ராதாவுக்கும் தெரியும். ஆனால் இரண்டு பேருக்கும் தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது போன வாரமே பேசி முடித்த விஷயம்.

"இது அவங்க இல்ல மேடம்," என்றாள் லிப்ராதா.

"பின்ன?"

"தங்கச்சி."

ரொலோன் அம்மாளின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாத்தே கொம்பை எடுத்து, காலியாக இருப்பதைப் பார்த்து, திரும்ப வைத்தார்.

"தங்கச்சி பேரு?"

"வைக்கல மேடம்."

ரொலோன் திரையைப் பார்த்தார். குடும்பப்பெயர்க் கட்டத்தில் வகாந்தே என்று இருந்தது. பெயர்க் கட்டத்தில் ஒன்றும் இல்லை.

"பேரு வைக்காதவங்க அரசுப் பணியில இருக்க முடியாது. அவங்களை நீக்குறதுக்குத் தலைநகரைக் கேக்க வேண்டியதில்ல, எனக்கே அதிகாரம் இருக்கு." தட்டினார். நிறையத் தட்டினார். பிறகு, "துரேன்னு எழுதுறப்போ ஒரு 'ர'வா ரெண்டா?" என்று கேட்டார்.

"ஒண்ணு மேடம்."

நூற்றாண்டு விழா செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி நடந்தது. வாத்தியக்காரர்கள் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, அதை ஈடுகட்ட இரண்டு மடங்கு சத்தமாக வாசித்தார்கள். எண்ணூறு சீபாவும் பதினோரு மணிக்குள் தீர்ந்தது. வகாந்தே டீச்சர் ஓய்வு பெற்ற செய்தியை இன்ஸ்ஃப்ரான் அறிவித்தபோது நல்ல கைதட்டல். தெல்ஃபீனா கட்சியின் இரண்டு குடும்பங்களும் தட்டின. போய்ச் சேர்ந்தால் சரி என்று அவர்கள் தட்டியிருக்கலாம்.

பிறகு அவர் பள்ளி வரலாற்றை வாசித்தார். தான் முன்கூட்டியே படித்துப் பார்க்காததை மறைக்க நன்றாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். எலெவுதேரியோ பெனேகாஸ் தொடங்கியதும், சாக்கோவுக்குப் போனதும், அவர் வருவார் என்று ஒரு வருடம் அவருடைய நாற்காலியில் வகுப்பெடுத்தவள்கூட உட்காராததும் வந்தன. அடுத்த பத்தி இப்படித் தொடங்கியது: "இப்பள்ளியின் பெயருக்குரிய செஞோரித்தா வகாந்தே 1932 முதல் ஒன்றாம் வகுப்புக்குக் கற்பித்தார். அவருடைய முழுப்பெயர்: ஹெர்மீனியா ஒரூயே சத்துர்னீனா கோதோய் கான்திதா ப்ரீத்தெஸ்..."

நீளமான பெயர் என்றால் பெரிய குடும்பம் என்று இன்ஸ்ஃப்ரானுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குரலை உயர்த்தினார். நான்காவது பெயரில் மூச்சு வாங்கியது. ஐந்தாவதில், பின்வரிசையிலிருந்து, "ஏய், அது நம்ம பெரியம்மாடி," என்று ஒரு குரல் வந்தது. ஏழாவதில் இன்னொரு குரல். ஒன்பதாவது பெயரின்போது கூட்டம் மொத்தமும் அமைதியாகிவிட்டது. அடுத்தது யாருடைய வீடு என்று கேட்பதற்கு. பதின்மூன்றாவது பெயரை முடித்துவிட்டு அவர் தண்ணீர் குடித்தார்.

வழக்கமாக முதல் மாலையைப் போடும் கராய் தெயோ இந்த முறை மாலையைச் சிலைக்குக் கொண்டுபோகவில்லை. சீபாக் கூடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ஞா போலாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"என்னய்யா இது?" என்றார் அவர்.

"காதுக்கு," என்றார் தெயோ.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு லிப்ராதா தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். நியமன உத்தரவின் நகல் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. இன்ஸ்ஃப்ரான் பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தி, பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார். ஒன்பது வருடத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

லிப்ராதா எழுதினாள். எழுதிய பிறகுதான் பார்த்தாள்: 'வகாந்தேவுக்காக.'

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதுங்க," என்றார் இன்ஸ்ஃப்ரான். "ஆனா அடித்தல் இருந்தா ஓரத்துல காரணம் போடணும். விதி அது."

அவள் ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் தன் பெயரை மட்டும் எழுதினாள். வெளியே மணி அடித்துவிட்டார்கள். முற்றத்தில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் சத்தம் கேட்டது. ஓரத்தில் காரணம் என்ற இடத்துக்குக் கீழே 'பழக்கம்' என்று எழுதிவிட்டு, வகுப்புக்குப் போனாள்.